ஒரு கையால் பூட்டும் மூடி

மார்த்தாவின் இடக்கை மணிக்கட்டு கோணிப்போய் இரண்டு வருசம். புருசன் சிங்கராசாவின் வள்ளத்தைக் கரையேற்றும்போது கால் சறுக்கி விழுந்தாள், வள்ளத்தின் முன்பக்க அணியம் கையில் ஏறியது. கட்டுப் போட்டார்கள், எலும்பும் பொருந்தியது, ஆனால் தனக்குப் பிடித்த மாதிரிப் பொருந்தியது. அந்தக் கையால் ஒரு முட்டையைப் பிடிக்கலாம். தேங்காய்ப் பாதியைத் திருவலையில் அழுத்திப் பிடிக்க முடியாது, அம்மிக் குழவியின் ஒரு பக்கத்தைத் தள்ள முடியாது. "அம்மி இருக்குத்தானே" என்பான் சிங்கராசா. அம்மி இருக்கத்தான் செய்தது. கைதான் இல்லை. யாருடைய வள்ளத்துக்கு அந்தக் கை போனது என்று அவன் ஒருநாளும் யோசித்ததாகத் தெரியவில்லை.

தனக்கு வேண்டியதென்றால் அவனுக்கு யோசனை மின்னலாய் ஓடும். போன மாதம் சோளகக் காற்றில் வழி தப்பி, பாதி உயிரோடு கரைக்கு வந்தவன், அடுத்த கிழமையே பட்டினத்துக்குப் போய் ஒரு ஜீபிஎஸ் வாங்கிவந்தான். யாரையும் கேட்கவில்லை, எதையும் அளக்கவில்லை. அதைத் துவாயில் சுற்றி அலுமாரியில், மார்த்தாவின் கலியாணச் சீலைக்கு மேலே வைத்தான். கடலால் வந்ததும் துடைத்துத் துடைத்து வைப்பான். பெற்ற இரண்டு பெட்டைகளின் மூக்கைக்கூட அவன் அப்படித் துடைத்ததில்லை.

மார்த்தா அளந்தாள். காஸ் அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் குசினித் தட்டில் மிஞ்சிய இடம் ஒரு சாணும் நாலு விரலும். அந்த அளவுக்கு ஒரு நூலை வெட்டிப் பேர்சுக்குள் வைத்தாள். சீட்டுக்காசு விழுந்த அன்றே, ஒரு சின்னப் பெட்டிக்குள் நறுக்கிய தேங்காய்ச் சொட்டு, சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய் எல்லாம் போட்டுக்கொண்டு அரைக்கிற மெசின் வாங்க மன்னாருக்கு பஸ் ஏறினாள்.

வஸீரின் கடையில் ரேடியோவிலிருந்து ஐஸ்பெட்டிவரை எல்லாம் உண்டு. அவர் முதலில் எடுத்து வைத்தது ஆளுயரத்தில் பாதி இருந்தது.

"இத எடுங்கோ அக்கா. பதினொரு சாமான் கூட வருது. ஜூஸ் அடிக்கலாம், மா குழைக்கலாம்."

"நான் என்ன ஹோட்டலோ போடப் போறன்?" மார்த்தா நூலை விரித்துக் காட்டினாள். "இதுக்குள்ள நிக்கிற மாதிரி ஒண்டு காட்டுங்கோ."

சிறியதாய் நான்கு வந்தன. மார்த்தா இடக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வலக்கையால் மட்டும் ஒவ்வொன்றையும் பூட்டித் திறந்து பார்த்தாள். முதலாவதின் மூடியைத் திருகினால் அடிப்பகுதியும் சேர்ந்து சுற்றியது. இரண்டாவதற்குப் பக்கத்தில் ஒரு கொளுக்கி, அதை அமத்த ஒரு கை, மூடியைத் தூக்க இன்னொரு கை. மூன்றாவது பூட்டியது, திறக்க மாட்டேன் என்றது.

"ரெண்டு கை உள்ளவன் செய்த சாமான்" என்றாள் மார்த்தா. கோபத்தில் காது மடல் சுட்டது. உலகத்தில் கை முறிந்தவளுக்குத்தானே மெசின் தேவை, அது இதைச் செய்கிறவன்களுக்கு விளங்காதா?

நாலாவது வெள்ளை நிறம், பால்பேணியைவிடக் கொஞ்சம் பெரிது. திருகல் இல்லை, கொளுக்கி இல்லை. கிண்ணத்தில் மூடியை வைத்து, அதன் மேல் மோட்டரை வைத்து, உள்ளங்கையால் அமத்தினால் ஓடும். கையை எடுத்தால் நிற்கும். அடியில் ரப்பர் வளையம், அசையாது. மார்த்தா கொண்டுபோனதை எல்லாம் உள்ளே கொட்டி அமத்தினாள். பத்து எண்ணுவதற்குள் சம்பல். மிளகாய் நெடியில் வஸீர் மூன்று தரம் தும்மினார்.

"ஆத்தாடி, கடைக்குள்ள சமைச்சுக் காட்டின முதல் ஆள் நீங்கள்தான்" என்று சிரித்துக்கொண்டே பெட்டியில் போட்டுக் கொடுத்தார். இரண்டு வருசத்தில் மார்த்தாவும் அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு வீட்டு முற்றம்வரைதான் வந்தது. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த சிங்கராசா, பெட்டியைக் கண்டதும் ஊசியைக் கீழே போட்டான்.

"உதென்ன, புதுச் சாமானோ? வீட்டுக்கெண்டு வாங்கினதோ?"

"ஓம், குசினியில வைக்க. ஏன்?"

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு மென்று விழுங்கிச் சொன்னான். அந்தச் சோளகக் காற்றில், வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறிய நேரத்தில், அந்தோனியாருக்கு நேர்ந்திருக்கிறான். கரை சேர்த்தால், வீட்டுக்கு வருகிற முதல் புதுச் சாமானைக் கோயில் பெருநாள் ஏலத்துக்குத் தருவதாக. பெருநாள் வருகிற ஞாயிற்றுக்கிழமை.

"ஒரு பிளாஸ்டிக் பேசின் வாங்கிக் கொண்டந்து குடுப்பம் எண்டுதான் இருந்தனான்" என்றான். "நாளைக்கு, நாளைக்கு எண்டு மறந்துபோனன். நீ முந்திட்டாய்."

மார்த்தாவுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. "உயிரைத் தந்த அந்தோனியாருக்கு பிளாஸ்டிக் பேசினோ? அவரை ஏய்க்கப் பாத்து, கடைசியில என்ர சாமானில வந்து விழுந்திருக்கு!"

"சத்தம் போடாத. நேர்த்தியைக் குடுக்காட்டி என்ன நடக்கும் எண்டு உனக்குத் தெரியும்தானே. நான் கடலுக்குப் போறவன்."

அங்கேதான் அவளை மடக்கினான். மார்த்தாவும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தி வளர்ந்தவள்தான். முடியாது என்று ஒரு சொல் சொல்லலாம். நாளைக்கு அவன் திரும்பி வராவிட்டால் அந்தச் சொல்லை எங்கே கொண்டுபோய் வைப்பது? பெட்டியைப் பழைய கடதாசியால் சுற்றிக் கட்டினாள். பல்லால் இழுத்துத்தான் முடிச்சுப் போட்டாள், ஒரு கையால் வேறு எப்படிப் போடுவது?

இன்னும் மூன்று நாள் அம்மியோடு மல்லுக்கட்டினாள். குழவியின் இடப்பக்கத்தை முழங்கையால் தள்ளினாள், தோல் உரிந்தது. சம்பல் கல்லும் கரடுமாய் இருந்தது. "என்ன, இண்டைக்கு மிளகாய் அரைபடேல்லயே?" என்று கேட்டான் சிங்கராசா. கேட்க அவனுக்கு வாய் வந்ததே, அதுதான் அதிசயம். வாயைத் திறந்தால் சட்டியும் சேர்ந்து பறக்கும் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

பெருநாள் காலை, அவனுடைய வெள்ளைச் சேட்டை எடுக்க அலுமாரியைத் திறந்தாள். துவாயில் சுற்றிய ஜீபிஎஸ் அவள் கலியாணச் சீலைக்கு மேலே காலை நீட்டிப் படுத்திருந்தது. மார்த்தா சேட்டை எடுக்க மறந்து நின்றாள். காற்று அடித்தது எப்போது? இது வந்தது எப்போது? விரல் விட்டு எண்ணினாள். எண்ணவே தேவையில்லை, ஆனாலும் இரண்டாம் தரம் எண்ணினாள். தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. மூன்று நாள் முழங்கைத் தோலைக் கொடுத்திருக்கிறாளே, மடைச்சி!

பூசை முடிந்து கோயில் வளவில் நேர்த்திப் பொருட்களுக்கு மேசை போட்டிருந்தார்கள். சேவல், தேங்காய்க் குலை, பாய், ஒரு சுவர் மணிக்கூடு. மூப்பர் அம்புறோஸ் கொப்பியில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். சிங்கராசா கடதாசி சுற்றிய பெட்டியைப் பக்தியோடு மேசையில் வைத்தான். மார்த்தா முந்தானைக்குள்ளிருந்து துவாய்ப் பொட்டலத்தை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தாள்.

சிங்கராசாவின் முகம் வெளிறியது. "உதை ஏன் கொண்டந்தனீ?"

"மூப்பர் ஐயா, காத்துக்குத் தப்பி வந்தா வீட்டுக்கு வாற முதல் புதுச் சாமான் தாறன் எண்டு இவர் அந்தோனியாருக்கு நேர்ந்தவர். இதில எது முதல்ல வந்தது எண்டு அவரையே கேளுங்கோ."

"அது தொழில் சாமான்!" என்றான் சிங்கராசா. "வீட்டுச் சாமான் இல்லை."

"அப்ப ஏன் அது என்ர அலுமாரியில, என்ர கூறைக்கு மேல படுத்தது? வள்ளத்திலயோ படுத்தது?" மார்த்தாவின் குரல் வளவெல்லாம் கேட்டது. பாட்டுக்காரப் பெட்டைகள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். "உங்கட எண்டா தொழில், என்ர எண்டா வீடு. நேர்ந்து குடுக்கிறதுக்கு மட்டும் வீடு! விடிய எழும்பி உங்களுக்குச் சோறு கட்டித் தாறனே, அது தொழில் இல்லையோ? இந்தக் கை உங்கட தொழிலிலதானே முறிஞ்சது!"

கோணிய கையை அவள் தூக்கிப் பிடித்தாள். மூப்பர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சிங்கராசா, நேர்ந்தது நீர். என்னை ஏமாத்தலாம். எது முதல்ல வந்தது?"

சிங்கராசா மேசையைப் பார்த்தான், கோயில் முகப்பில் குழந்தையைத் தூக்கி நின்ற அந்தோனியாரைப் பார்த்தான். பொய் சொல்ல வாயெடுத்தவன்தான். அந்த இடத்தில் அது வரவில்லை. கடதாசி சுற்றிய பெட்டியை எடுத்து, மார்த்தாவின் முகத்தைப் பாராமல், அவளிடம் நீட்டினான். மூப்பர் கொப்பியில் எழுதினார்.

ஏலத்தைப் பார்க்க அவன் நிற்கவில்லை. ஜீபிஎஸ்ஸை அடுத்த மீன்துறைக்காரன் ஒருவன் ஏலத்தில் எடுத்துக்கொண்டு போனான் என்று பிறகு கேள்விப்பட்டார்கள்.

மத்தியானம் மார்த்தா குசினித் தட்டில் மெசினை வைத்தாள். ஒரு சாணும் நாலு விரலும், சொல்லி வைத்தது போல் இருந்தது. தேங்காய், வெங்காயம், மிளகாய் போட்டு மூடியை வைத்தாள். சிங்கராசா வாசல் நிலையில் வந்து சாய்ந்து நின்றான்.

"நாளைக்குக் கடலுக்குப் போகவேணும்" என்றான். "வழி தப்பிக் காணாமப் போனா என்ன செய்யிறது?"

கேட்டானே ஒரு கேள்வி. மூன்று நாளாய்த் தொண்டையில் நின்றது எல்லாம் மார்த்தாவுக்கு மேலே வந்தது. ஆனால் அவள் கத்தவில்லை.

"அந்தோனியாரிட்டக் கேளுங்கோ" என்றாள். "காணாமப் போனதுகளைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவர் அவர்தானே. இப்ப உங்கட ஜீபிஎஸ்ஸும் அவருக்குக் குடுத்தாச்சு."

அவன் வாயைத் திறந்தான். மார்த்தா உள்ளங்கையை மோட்டரின் மேல் வைத்து அமத்தினாள். அவன் என்ன சொன்னான் என்பது அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை. சம்பல் அரைபட்ட பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.