செவ்வாய்க்காரரின் கால் மணி நேரம்

எங்கள் தெருவில் அவளுக்கு ஒன்பதாம் நம்பர் என்று பெயர். அவள் ஓட்டும் பேருந்தின் எண் அது. புருஷன் செவ்வாய்க்காரர். செவ்வாய்க் கிரகத்தில் ஊர்ந்து திரியும் வண்டிக்கு இங்கிருந்து கட்டளை அனுப்புகிற வேலை. அங்கே ஒரு நாள் நம்முடையதைவிட ஏறக்குறைய நாற்பது நிமிடம் நீளம். வண்டி விழிக்கும்போது இவரும் விழிக்க வேண்டும். எனவே தினமும் அவ்வளவு தள்ளி வேலைக்குக் கிளம்புவார். ஒரு வாரம் விடியலில், மறுவாரம் உச்சி வெயிலில். "எங்கேயோ இன்னொரு குடும்பம் இருக்கு" என்று தெரு கண், காது, மூக்கு வைத்தது. இருந்தால் அந்த இன்னொருத்தியாவது அவர் முகத்தைப் பார்த்திருப்பாளே என்று இவள் ஏங்கினாள்.

முப்பத்தாறு நாள் முன்பே காலண்டரில் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். கல்யாண நாளன்று அவர் நாலேகாலுக்குக் கிளம்புவார். இவள் நாலுக்கு டிப்போவில் வண்டியை விட்டால் வீடு பின்தெருதான். கால் மணி நேரம், ஒரே மேஜையில், ரெண்டு தட்டு.

அன்று இரண்டரைக்கு போன் வந்தது.

"நாலுக்கே கிளம்பணும்மா."

"நாலேகால்னு கணக்குப் போட்டேனே!"

"நாற்பதுன்னு போட்டிருப்பே. முப்பத்தொன்பது நிமிஷம், முப்பத்தஞ்சு செகண்டு."

"மிச்ச இருபத்தஞ்சு செகண்டுக்கு உங்க கிரகம் என்ன குடியா முழுகிடும்?"

"முப்பத்தாறு நாளுக்குப் பெருக்கிப் பாரு."

பெருக்கினாள். சரியாகக் கால் மணி நேரம். போனை வைத்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

மூன்றே முக்காலுக்கு, டிப்போவுக்குக் கால் மணி நேரம் முன்னால் வரும் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் அவர் ஏறினார். கையில் இரண்டு அடுக்கு டிபன் பாக்ஸ். ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தார். 'ஓட்டுநருடன் பேசாதீர்' என்ற பலகைக்கு நேர் கீழே.

"நரைச்சிருக்கே," என்றாள் கண்ணாடியைப் பார்த்து.

"நீ இளைச்சிருக்கே."

"ரோட்டைப் பாரும்மா!" என்றார் ஒரு பெரியவர்.

வழியில் ஆறு சிக்னல். ஒவ்வொன்றிலும் தினமும் சிவப்பு விழுந்து அவளைக் கரித்துக்கொட்ட வைக்கும். இன்று ஒன்றாவது விழட்டும், திரும்பி ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டியை உருட்டிக்கொண்டே போனாள்.

ஆறும் பச்சை.

டிப்போ வாசலில் அவரை ஏற்றிப்போக அலுவலக வேன் நின்றிருந்தது. ஒரு அடுக்கை அவள் மடியில் வைத்துவிட்டு இறங்கினார். அது இன்னும் சூடாக இருந்தது.