கம்பியின் உயரம்

"இன்னா இது, நாலு கம்பிதான் இருக்கு? மீதி ரெண்ட எலி கடிச்சிடுச்சா?"

"பேஸ் கிடாருக்கு நாலுதான். அமுக்கிப் பாரு."

"எப்பா, கல்லு மாரி இருக்கு. வெரல் தேஞ்சிடும் போல."

"கம்பிய எறக்கி வெச்சா சுலபமா அமுங்கும். இந்தா, இந்தக் குட்டித் திருகு தெரியுதா? இப்படித் திருப்பினா எறங்கும்."

ஆறு வருடங்களுக்கு முன், கல்யாணமான புதிதில் கிளாட்வின் சொன்னது இது. ஜாஸ்லின் அதை மறக்கவில்லை. மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையல்கட்டு வாசலில் நின்றபடி நினைத்துக்கொண்டாள்.

ஏப்ரலில் சேதராப்பட்டு கம்பெனியில் பிரஸ் மெஷின் அவனுடைய இடது கையில் இறங்கியது. சுண்டுவிரலின் நுனி போய்விட்டது. மோதிர விரலைத் தைத்து வைத்தார்கள். அது மடங்கும், ஆனால் வலு இல்லை. கட்டுப் பிரித்த நாளிலிருந்து அந்தக் கையை அவன் அவளுக்குக் கிட்டத்தில் காட்டவே இல்லை. வெளியே போனால் பேன்ட் பையில் இருக்கும், வீட்டில் துண்டுக்குள் இருக்கும். படுக்கையில்கூட இடம் மாறிச் சுவர் ஓரமாகப் படுத்தான், இடது பக்கம் சுவருக்குப் போகும்படி. எப்படி இருக்கிறது என்று கேட்டால், "ஆறிடுச்சி, விடு" என்பான். கையோடு சேர்ந்து ஆளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தான்.

கிடார் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அவன் மறுபடி எடுக்கும்போது விரல் நோகக் கூடாது என்று, ஆகஸ்டில் ஒருநாள் அவன் வேலைக்குப் போயிருந்தபோது ஜாஸ்லின் நாலு கம்பிகளையும் இறக்கி வைத்தாள். எவ்வளவு இறக்கலாம் என்று அவளுக்குத் தெரியாது. நன்றாகவே இறக்கிவிட்டாள்.

மழை விட்டதும் பாடகர் குழுவை நடத்தும் பிரகாசம் அண்ணன் முதலியார்பேட்டை வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஓய்வு எடுத்தது போதும்பா. நீ இல்லாம எங்க பாட்டு, ஒரு கால் கொறஞ்ச கட்டில் மாரி ஆடுது. கிறிஸ்துமஸ் பூசைக்குப் பதினேழாந்தேதி சாயங்காலம் ப்ராக்டிஸ். வர்றியா, வேற ஆளப் பாக்கவா?"

"வரேண்ணே" என்றான் கிளாட்வின். எட்டு மாதத்தில் அவன் எதற்கும் சொன்ன முதல் சம்மதம் அது.

கிடாரை எடுத்து மீட்டினால், எங்கே அமுக்கினாலும் கம்பி, கிடாரின் கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் என்னும் உலோகப் பட்டைகளில் உரசியது. தகர டப்பாவில் வண்டு மாட்டிக்கொண்டதுபோல் ஒரே கரகரப்பு. மழை ஈரத்தில் மரம் வளைந்துவிட்டது என்று அவன் முடிவு கட்டினான். கடலோர ஊரில் நடக்கிறதுதான். கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டைச் சாவி போட்டுத் தளர்த்தினான். மறுநாள் இறுக்கினான். இரண்டு வாரமாக, கம்பெனியில் இப்போது கொடுத்திருந்த ஸ்டோர் வேலை முடிந்து வந்ததும் அதே வேலை. நடுவில் சில நாள் முணுமுணுவென்று பாடக்கூடச் செய்தான். அதைக் கேட்ட பிறகு அவளுக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், எதற்காக இறக்கினாய் என்று கேட்பான். அதற்கு என்ன பதில் சொல்வது?

இன்றுதான் பதினேழு. சாவியை அவன் இன்னும் கால் சுற்றுத் திருப்பியபோது மரம் கிறீச்சிட்டது.

"திருப்பாதீங்க, ஒடஞ்சிடும். மரத்துல ஒண்ணுமில்ல" என்றாள் ஜாஸ்லின். "நான்தான் கம்பிய எறக்கி வெச்சேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "எப்ப?"

"மாதா திருநாளுக்கு முன்னாடி."

"எதுக்கு?"

அவள் கண் அவனுடைய இடது கைக்குப் போய்த் திரும்பியது. அவனுக்கு வேறு பதில் தேவைப்படவில்லை.

"ரெண்டு வாரமா நான் பைத்தியம் மாரி திருகிக்கினு இருந்தேன். நீ காப்பி போட்டுக் குடுத்துட்டு வேடிக்க பாத்தியா?"

"நீங்க பாடினீங்க. அதான் சொல்லல."

கிளாட்வின் கிடார்மேல் குனிந்தான். தண்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தான். ஸ்கேல் வைத்து அளந்து ஒவ்வொரு கம்பியாக உயர்த்தினான். சுருதி சேர்த்தான். முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு, விரல் வைக்காமல் நாலு கம்பிகளையும் ஒவ்வொன்றாக மீட்டினான். சுத்தமான சத்தம், தரை வழியாக அவள் பாதத்துக்கு வந்தது. ஆள்காட்டி விரலை வைத்தான். சுத்தம். நடுவிரல், அதுவும் சுத்தம்.

மோதிர விரலை வைத்தான். கரகரத்தது.

இன்னும் அழுத்தினான். குட்டையான சுண்டுவிரலையும் அதன்மேல் ஏற்றி அழுத்தினான். நெற்றி வியர்த்தது. கம்பி ஃப்ரெட்டில் உட்காராமல் அதே இரைச்சலைப் போட்டது. கம்பியை இறக்கினால் ஃப்ரெட் உரசும். ஏற்றினால் விரல் அமுங்காது. இரண்டுக்கும் நடுவில் ஓர் உயரம் இருக்கிறதா என்று மூன்று தடவை தேடிப் பார்த்தான். இல்லை. இனி குற்றம் சொல்ல மரமும் இல்லை, மழையும் இல்லை.

"ரெண்டு வெரல்லயே வாசிக்கிறவங்க இல்லியா?" என்றாள்.

"இருப்பாங்க. நான் அப்படி வாசிச்சவன் இல்ல." அவன் சாவியைப் பெட்டியில் போட்டான். "பிரகாசம் அண்ணனுக்கு போன் பண்ணி வேற ஆளப் பாக்கச் சொல்லிடு. இதையும் யாராச்சும் கேட்டா குடுத்துடு."

"வேணாங்க."

"வெச்சி இன்னா பண்றது, ஜாஸ்லின்? கைதான் போச்சே."

எட்டு மாதத்தில் அதை அவன் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் முறை. சொல்லிவிட்டு இடது கையைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினான். தோள் மட்டும் குலுங்கியது. சத்தம் வரவில்லை.

சரியாகிவிடும் என்று சொன்னால் அது பொய். ஜாஸ்லின் போய் அவனுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த ஒரு முழ இடத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அந்தக் கைய எங்கிட்ட குடுங்க" என்றாள். "நான் பாக்கணும்."