கூட ஒருவர் இருந்தால்

வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிற பிள்ளையைப் பற்றித் துறைத்தலைவர் நாலு நல்ல வார்த்தை எழுதித் தரவேண்டும். உலகம் முழுக்க அப்படித்தான். ஆனால் அந்தக் கல்லூரியின் துறைத்தலைவர், "நீங்களே எழுதிட்டு வாங்க, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்று சொல்லிவிடுவார். சொன்ன சொல் தவறமாட்டார், போட்டும் தருவார். என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்க்கமாட்டார். ஆகவே தன்னைத்தானே வாயாரப் புகழ்ந்து எழுதி, அதை இன்னொருவர் சொன்னதாகக் காட்டுகிற கூத்து அங்கே வருடாவருடம் நடக்கும். அதற்குக் கூச்சப்படுகிறவர்கள் நேரே வக்கீலிடம் போவார்கள்.

வக்கீல் என்றால் கறுப்பு அங்கி போட்டவர் இல்லை. நீர் ஆய்வுப் பிரிவில் கடைசி வருடம் படிக்கிற பெண். பேச்சில் யாரையும் மடக்கிவிடுவாள் என்று வகுப்பு வைத்த பெயர் அது. ஆங்கிலத்தில் எழுதவேண்டியது எதுவானாலும், விடுப்புக் கடிதமோ மன்னிப்புக் கடிதமோ, அவள் கை படாமல் போகாது. எழுதிக் கொடுத்துவிட்டு, "ஜெயிச்சா எனக்கு ஒரு டீ, தோத்தா உனக்கு விதி" என்பாள்.

அவளுடைய உயிர்த்தோழிக்குப் பெயர் சொட்டு. ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாயிலிருந்து மருந்தைத் துளித்துளியாகத் தண்ணீரில் விடுவார்கள். சிவப்பு நீலமாக மாறுகிற கணத்தில் நிறுத்தவேண்டும். மற்றவர்கள் ஐந்தாறு துளி தாண்டிப்போய்விட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். இவள் மட்டும் அந்த ஒரு சொட்டில் நிறுத்துவாள். கை அவ்வளவு சுத்தம், ஆனால் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாது. ஆங்கிலம் என்றால் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

எங்கே போவது, என்ன படிப்பது என்று தேடியதெல்லாம் சொட்டுதான். ஒரு நோட்டில் கோடு போட்டு, நாடு, படிப்பு, கடைசித் தேதி என்று பத்தி பிரித்து மூன்று மாதம் எழுதினாள். எந்த ஊரில் என்ன தண்ணீர்ப் பிரச்சினை, அதை எந்தப் பேராசிரியர் ஆராய்கிறார் என்பதுகூட அதில் இருந்தது. கடைசியில் ஒரு பல்கலைக்கழகத்தைச் சுற்றி வட்டம் போட்டாள். கழிவுநீரைக் குடிநீராக்குகிற ஆராய்ச்சிப் படிப்பு, முழுக் கட்டணச் சலுகை. இந்தக் கல்லூரியிலிருந்து ஆண்டுக்கு ஒருவரைத்தான் எடுப்பார்கள்.

வக்கீல் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நானும் இதுக்கே போடறேண்டி" என்றாள். அவளுக்கென்று யோசனை எதுவும் கிடையாது. அடுத்த இலைச் சாப்பாடு எப்போதும் ருசியாகத்தான் தெரியும்.

சொட்டு முகம் சுளிக்கவே இல்லை. "போடு போடு. யாருக்குக் கிடைச்சாலும் நமக்குத்தானே. அப்படியே எனக்கும் சேர்த்து லெட்டர் எழுதிடு."

ஒரு மத்தியானம் கணினி அறையில் உட்கார்ந்து வக்கீல் இரண்டு கடிதங்களையும் எழுதினாள். சொட்டுக்கு எழுதியபோது நீர்த்தொட்டி விஷயம் ஞாபகம் வந்தது. ஒருநாள் இருபது தொட்டிகளின் தண்ணீரைச் சோதித்து முடித்து எல்லோரும் கிளம்புகிற நேரம். சொட்டு மட்டும், "அளவு சரியில்ல, மருந்து பழசாயிடுச்சுன்னு நினைக்கிறேன்" என்றாள். ஆய்வக உதவியாளர் முறைத்தார். அவள் பதில் பேசாமல் அத்தனை அளவுகளையும் அடித்துவிட்டு, புதிதாக மருந்து கரைத்து, இருபதையும் முதலிலிருந்து செய்தாள். அவள் சொன்னதுதான் சரி. அதை அப்படியே எழுதினாள் வக்கீல். எழுதி முடித்துப் படித்தபோது அவளுக்கே புல்லரித்தது.

பிறகு தன் கடிதத்தைப் படித்துப் பார்த்தாள். 'சிறந்த', 'மிகச்சிறந்த' என்று வார்த்தைகள்தான் இருந்தன. சொல்வதற்கு ஒரு தொட்டி இல்லை. சோகை பிடித்த கடிதம்.

அப்புறம் சொட்டின் கடிதத்தில் நீர்த்தொட்டி வருகிற பத்தியை முழுதாக அழித்தாள். அந்த இடத்தில் ஒரே ஒரு வரி எழுதினாள்: 'வழிகாட்ட ஒருவர் கூடவே இருந்தால், கொடுத்த வேலையை இவர் குறையில்லாமல் செய்து முடிப்பார்.'

ஆங்கிலத்தில் அந்த வரி இன்னும் பணிவாக, இன்னும் அழகாக இருந்தது. திட்டு என்று யாரும் சொல்லமுடியாது. ஆனால் தனியாக ஆராய்ச்சி செய்ய ஆள் தேடுகிறவன் அதைப் படித்தால் அடுத்த விண்ணப்பத்தை எடுத்துவிடுவான். குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதும் என்பார்களே, அந்தத் துளி. அது தனக்குத் தெரியாது என்று வக்கீல் பின்னாளில் எத்தனையோ முறை தன்னிடமே வாதாடிப் பார்த்தாள். எல்லோருடைய வழக்கையும் ஜெயித்தவளால் அந்த ஒரு வழக்கை ஜெயிக்க முடியவில்லை.

துறைத்தலைவர் இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. இடம் வக்கீலுக்கு. சொட்டுக்கு வந்த மின்னஞ்சலில், நல்ல மாணவிதான், ஆனால் சுயமாக முடிவெடுத்து ஆராய்ச்சி நடத்துகிறவர்களையே இந்த ஆண்டு தேடுகிறோம் என்று இருந்தது. வக்கீல் அதைச் சொட்டின் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தாள். அது தான் எழுதிய வரிக்கு வந்த பதில் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. காது மடல் வரை சுட்டது.

சொட்டு திரும்பி அவளைக் கட்டிக்கொண்டாள். "சொன்னேன்ல, நமக்குத்தான்னு!" என்றாள். அந்தக் கைகளுக்குள் நிற்க வக்கீலுக்கு உடம்பு கூசியது.

அன்றிலிருந்து குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தபடியே இருந்தது. வீட்டில் அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம், "எம் பொண்ணு தன் கையால எழுதியே இடம் வாங்கிட்டா" என்று சொல்லும்போது எழுந்து குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள். சொட்டின் நோட்டில் இன்னும் ஆறு இடங்கள் பாக்கி இருந்தன. ஆறில் ஒன்று அவளுக்குக் கிடைத்துவிட்டால் இந்தப் பாவம் கழுவிப்போய்விடும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். விசா வந்தது, பெட்டி வாங்கியாயிற்று. சொட்டு அந்த ஆறைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

கிளம்புவதற்குப் பத்து நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வக்கீல் சொட்டின் வீட்டுக்குப் போனாள். இன்று சொல்லிவிடுவது என்று முடிவு. சொட்டின் அம்மா பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிறவர். சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "வாம்மா வா. நீ போறது எங்க வீட்டுலேருந்தே ஒருத்தி போற மாதிரி இருக்கு" என்றார். வக்கீல் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல நின்றாள்.

உள்ளறையில் சொட்டு மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தாள். பக்கத்தில் அந்த நோட்டு. ஆறு இடங்களும் அடிக்கோல் வைத்து அடிக்கப்பட்டிருந்தன. கீழே புதிதாக ஒன்று எழுதியிருந்தது.

"என்னடி இது?"

"ஒரு வருஷப் படிப்பு. ஆய்வக உதவியாளர். எங்க சித்தி இருக்கிற ஊருலயே இருக்கு."

"உதவியாளரா? பாட்டில் கழுவிக் குடுக்கவா உன்ன படிக்க வச்சாங்க? மத்த ஆறும் என்னாச்சு? ரெண்டுக்கு இன்னும் தேதி இருக்கே!"

"அதெல்லாம் தனியாச் செய்யற ஆராய்ச்சிடி. எனக்குச் சரிப்படாது. இதுல மேல எப்பவும் ஒருத்தர் இருப்பாங்க, சொல்றதைச் செஞ்சா போதும். வீட்டுக்கு வந்தா சித்தி இருக்கா."

"யார் சொன்னா உனக்குச் சரிப்படாதுன்னு?"

சொட்டு சிரித்தாள். "நீதான்."

வக்கீல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"லெட்டரைக் கையெழுத்துக்கு எடுத்துட்டுப் போனேன்ல, வராண்டாவுல நின்னு படிச்சேன். அந்த வரி புரியல. டிக்‌ஷனரி பார்த்துப் புரிஞ்சுக்கிட்டேன். முதல்ல கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு, பொய் சொல்லல. அப்புறம் யோசிச்சேன். எல்லாருக்கும் ஆஹா ஓஹோன்னு எழுதுறவ, என்னைப் பத்தி மட்டும் நிதானிச்சு எழுதியிருக்கா. கூடவே இருக்கிறவ. அவளுக்குத் தெரியாததா?"

"இல்லடி" என்றாள் வக்கீல். "அது நான் வேணும்னே எழுதினது. உன் லெட்டர் நல்லா இருந்துச்சு, என்னோடது நல்லா இல்ல. பொறாமை. உனக்குக் கிடைச்சிடக்கூடாதுன்னு எழுதினேன். கூட இருந்தே குழி பறிச்சேண்டி."

சொல்லிவிட்டாள். ஐந்து மாதம் தொண்டையில் கிடந்தது வெளியே வந்துவிட்டது. இனி அடிக்கட்டும், காறித் துப்பட்டும், அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தாள்.

சொட்டு அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "என்னைத் தேத்தறதுக்காக உன்னையே இப்படி அசிங்கப்படுத்திக்கணுமா? போதும்டி வக்கீலே. உன் வாதமெல்லாம் என்கிட்ட செல்லாது."

"சத்தியமாச் சொல்றேன்!"

"நீ எத்தனை பேருக்குச் சத்தியம் பண்ணி லீவு வாங்கிக் குடுத்திருக்கே."

வாழ்நாள் முழுக்கப் பொய்க்கு நல்ல சட்டை போட்டு அனுப்பியவள், உண்மையைக் கொண்டுவந்து நிறுத்தினால் யார் நம்புவார்கள்?

"சரி, தள்ளி உட்காரு" என்று மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினாள் சொட்டு. "இந்தப் படிப்புக்கும் லெட்டர் வேணும். அதையே தேதி மாத்திக் குடு, சார்கிட்ட கையெழுத்து வாங்கிக்கிறேன்."

வக்கீல் பழையதைத் தொடவில்லை. புதுப் பக்கம் திறந்து மடமடவென்று அடித்தாள். நீர்த்தொட்டிகளை எழுதினாள். உதவியாளர் முறைத்ததை, அடித்துப்போட்ட இருபது அளவுகளை, புது மருந்தை எழுதினாள். 'இவருக்கு வழிகாட்ட யாரும் தேவையில்லை. இவர் பின்னால்தான் மற்றவர்கள் போகவேண்டும்' என்று முடித்தாள். இந்தப் பெண்ணை உதவியாளராக்க எந்த மடையன் துணிவான் என்று படிக்கிறவர்கள் கேட்கவேண்டும், அடித்துப்போட்ட ஆறில் இரண்டுக்காவது இதே கடிதம் போகவேண்டும். கண்ணீரில் எழுத்துகள் கலங்கின. துடைத்துக்கொண்டு அடித்தாள்.

சொட்டு அவள் தோளில் முகவாயை வைத்துப் படித்தாள். மெல்ல, உதட்டை அசைத்து, ஒவ்வொரு வார்த்தையாக. படித்து முடித்து, "தொட்டி அன்னிக்கு நீ பக்கத்துலதானே இருந்தே" என்றாள். "அதான் தைரியமாச் செஞ்சேன்."

"நீ மறுபடி செஞ்ச நேரம் பூரா நான் தூங்கிட்டு இருந்தேண்டி! மேசையில தலையை வச்சுத் தூங்கிட்டு இருந்தேன்!"

"இருந்தே இல்ல?"

சொட்டு மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கடைசி வரிகளையும் நீர்த்தொட்டிப் பத்தியையும், அடியிலிருந்து மேலே, நிதானமாக அழித்தாள்.

"இதெல்லாம் நீ பாசத்துல எழுதறது. பழைய லெட்டர்ல உண்மையா இருந்தது அந்த ஒரு வரிதான்" என்றாள்.

ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் சேர்த்துச் சொல்லத் திணறுகிற அந்தப் பெண், அழித்த இடத்தில் அந்த வரியைத் தானே அடிக்க ஆரம்பித்தாள். நோட்டைப் பார்க்கவில்லை, பழைய கடிதத்தைத் திறக்கவில்லை, தோழியிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கடைசியில் முற்றுப்புள்ளி வைத்துவிட்டு, "சரியா இருக்கா பாரு" என்றாள்.

ஒரு எழுத்துப் பிழை இல்லை.