ஜி.டி.ஓ.வின் மூக்கு

டூயி ஸ்காக்ஸ் வருடத்துக்கு ஒருமுறை தன் காரைச் சுத்தியலால் அடிப்பான். மிச்சிகனின் உட்வர்ட் சாலையில் பழைய கார்கள் திரண்டு வரும் ஆகஸ்ட் சனிக்கிழமையில், ராயல் ஓக் பக்கத்து ஹார்டுவேர் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, கூட்டம் சேர்ந்ததும் டிக்கியிலிருந்து சுத்தியலை எடுப்பான். ஒரே அடி. முன்மூக்கில், இடது விளக்குக்குக் கீழே. மூக்கு உள்ளே அமுங்கி மெல்ல வெளியே வரும். கீறல்கூட இருக்காது. ஜனங்கள் கைதட்டுவார்கள். டூயி தொப்பியைக் கழற்றிக் குனிவான், ஏதோ அந்த மூக்கை அவனே பெற்றுப் போட்டது போல.

ஒருவகையில் உண்மைதான். அந்தக் கார் பொன்டியாக் ஆலையில் உருவானபோது டூயி அங்கே திருகு முடுக்கிக்கொண்டிருந்தான். அதே ஆலையின் பெயின்ட் கூடத்தில் வெர்லன் பெட்வே முகமூடி மாட்டிக்கொண்டு நின்றான். டூயி கென்டக்கியின் நிலக்கரி மலையிலிருந்து வந்த வெள்ளைக்காரன். வெர்லன் அலபாமாவின் பருத்திக்காட்டிலிருந்து வந்த கறுப்பன். அடுத்தடுத்த மேஜையில் உட்கார்ந்து தின்றவர்கள், ஒருவன் பெயரை ஒருவன் ஒழுங்காகச் சொன்னதில்லை. டூயிக்கு வெர்லன் 'பருத்தி'. வெர்லனுக்கு டூயி 'கரி'.

கார் முதலில் வெர்லனுடையது. 1968 ஜி.டி.ஓ., கரும்பச்சை, நானூறு கன அங்குல என்ஜின், கையால் மாற்றும் நாலு கியர். ஊரில் எல்லோரும் அந்த வண்டியை 'ஆடு' என்பார்கள். ஆட்டைப் போல எதை வேண்டுமானாலும் தின்னும் என்று பெட்ரோல் போடுகிறவன் சொன்னான். தின்றதுதான். ஆனால் பச்சை விளக்கு விழுந்ததும் அது பாய்ந்த பாய்ச்சலில் உள்ளே இருப்பவன் தலை இருக்கையில் போய் ஒட்டிக்கொள்ளும்.

அதன் பிறப்பே ஒரு திருட்டுத்தனம். நடுத்தரக் காரில் பெரிய என்ஜின் வைக்கக் கூடாது என்று தலைமை அலுவலகம் விதி போட்டிருந்தது. பந்தயம் என்ற பேச்சே எடுக்கக் கூடாது என்றும் உத்தரவு. பொன்டியாக் பொறியாளர்கள் சிலர் புது மாடல் என்று சொன்னால்தானே கேள்வி கேட்பார்கள் என்று, சாதாரணக் குடும்பக் காருக்கான கூடுதல் வசதி என்ற பெயரில் என்ஜினை உள்ளே தள்ளிவிட்டார்கள். மேலே இருந்தவர்கள் விழித்துக்கொண்டபோது கடைகளில் வண்டி வாங்க வரிசை நின்றது. அதன் பிறகு மற்ற கம்பெனிகளும் அதே வேலையைச் செய்தன. பத்து வருடம் இந்த ஊர் சத்தத்திலேயே வாழ்ந்தது.

அந்தப் பத்து வருடத்தில் ஆறு வருடம் வெர்லன் அந்த ஆட்டை உட்வர்ட் சாலையில் விளக்குக்கு விளக்கு பந்தயம் ஓட்டினான். டூயி அப்போது வேறு கம்பெனி வண்டி வைத்திருந்தான். சம்பளம் தருகிற கம்பெனிக்குத் துரோகம் செய்தவன் என்று ஆலையில் கேலி. மூன்று தடவை வெர்லனோடு மோதினான், மூன்று தடவையும் பச்சை வாலைத்தான் பார்த்தான்.

பிறகு இன்சூரன்ஸ் ஏறியது. அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பெட்ரோல் பங்க்கில் வரிசை நின்றது, ஆலையில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். வெர்லனுக்கு மூன்றாவது குழந்தை பிறந்திருந்தது. அவன் மனைவி ஒடெஸா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் அவனுக்குத் தாங்கவில்லை. காரை டூயியிடம் விற்றான். விற்கும்போது ஒரே ஒரு வாக்கு வாங்கிக்கொண்டான்: எப்போதாவது கொடுப்பதாக இருந்தால் முதலில் தன்னிடம் கேட்க வேண்டும்.

டூயி கேட்டான். அதை மறைக்க முடியாது. இருபத்துநாலு வருடம் கழித்து, இந்த ஜூலையில், இடது முட்டியை அறுத்து உள்ளே இரும்பு வைத்த பிறகு, டூயி வெர்லன் வீட்டுக்கு வந்து படியில் உட்கார்ந்தான். கிளட்சை அழுத்த முடியவில்லை என்றான். கென்டக்கியில் மகள் வீட்டோடு போய்விடப் போவதாகச் சொன்னான். ஒரு விலை சொன்னான். வெர்லனால் கொடுக்கக்கூடிய விலைதான். ஆனால் டூயி அந்த ஆட்டைத் தானே உயிரோடு வைத்திருந்ததாக வழக்கம் போல் அளக்க ஆரம்பித்தான். வெர்லனுக்குச் சுருக்கென்றது.

"அப்போ நீயே கட்டிக்கிட்டு அழு" என்று சொல்லிவிட்டான். இரண்டு நாள் பிகு செய்தால் டூயி இறங்கி வருவான் என்று கணக்கு. டூயி இறங்கி வரவில்லை. கிராண்ட் ராப்பிட்ஸிலிருந்து ஹூக்ஸ்ட்ரா என்று ஒரு பல் மருத்துவர் வந்து, பார்த்து, கை கொடுத்துப் பேரத்தை முடித்துவிட்டுப் போனார். கென்டக்கிக்காரன் கை கொடுத்தால் கொடுத்ததுதான். பத்திரம் எழுதியது போல. ஆகஸ்ட் கார் ஊர்வலம் முடிந்ததும் வண்டியை ஒப்படைப்பதாகப் பேச்சு.

"என் வாய்தான் எனக்கு எமன்" என்று வெர்லன் ஒடெஸாவிடம் சொன்னான்.

"இது இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா உனக்கு?" என்றாள் அவள்.

அடுத்த வாரம் டூயி மறுபடி வந்தான். மூக்கில் கல் பட்டுப் பெயின்ட் பெயர்ந்திருக்கிறது, அதை மட்டும் சரி பண்ணிக் கொடுக்க வேண்டும், வேறு எவன் கையிலும் கொடுக்க மனசில்லை என்றான். வெர்லன் சரி என்றான். டூயி வண்டியை அவன் ஷெட்டில் விட்டுவிட்டு நொண்டிக்கொண்டே போனான்.

இரண்டு நாள் வெர்லன் அதைத் தொடவில்லை. சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். இப்படி ஒரு உடம்பை எவன் வரைந்தான் என்று இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஆச்சரியமாக இருந்தது. கதவிலிருந்து பின்சக்கரத்துக்கு ஏறும் அந்த வளைவில் ஒரு கோடுகூட வீண் இல்லை. நிற்கும்போதே இடுப்பை ஒடுக்கிக்கொண்டு பாயத் தயாராக இருக்கும் மிருகம். முன்னால் பளபளக்கும் இரும்பு பம்பர் எதுவும் கிடையாது. உடம்பின் பச்சையே வழிந்து வந்து மூக்காக முடிந்திருந்தது. அந்த மூக்கு ரப்பர். முதல் முதலாக அந்த வருடம்தான் அப்படி வந்தது. டெலிவிஷன் விளம்பரத்தில் சுத்தியலால் அடித்துக் காட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டு ஆலையில் ஒரு வாரம் எல்லோரும் போகும்போதும் வரும்போதும் ஆளுக்கொரு உதை விட்டார்கள். டூயியின் சுத்தியல் அங்கே ஆரம்பித்ததுதான்.

மூன்றாம் நாள் பெயின்ட் கலந்தான். ரப்பர் மேல் அடிக்கும் பெயின்டில் ஒரு மருந்து ஊற்ற வேண்டும். ஊற்றினால் பெயின்ட் ரப்பரோடு சேர்ந்து வளையும். ஊற்றாவிட்டால் காய்ந்து முட்டை ஓடு போல நிற்கும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, தட்டினால் நொறுங்கும். பெயின்ட் அடிக்கிறவன் கற்றுக்கொள்கிற முதல் பாடங்களில் ஒன்று.

மருந்து டப்பா அலமாரியில் கண்ணெதிரே இருந்தது. வெர்லன் அதை எடுக்கவில்லை.

மறதி இல்லை. டூயி சனிக்கிழமை சுத்தியலை எடுப்பான். எடுக்காமல் இருக்க மாட்டான், கடைசித் தடவை வேறு. மூக்கு பொலபொலவென்று உதிரும். பல் மருத்துவர் ஒரு தூசு இருந்தாலும் முகம் சுளிக்கிற ரகம். வந்த வழியே போவார். டூயி கொடுத்த கை விடுபடும், வண்டி தன்னிடமே திரும்பும். வெர்லன் இதை முழுக்க யோசித்துவிட்டுத்தான் பெயின்ட் பீச்சும் துப்பாக்கியைக் கையில் எடுத்தான். மூன்று பூச்சு அடித்தான். வாழ்நாளில் அவன் அடித்ததிலேயே அழகான பூச்சு அது. அதுதான் அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

சனிக்கிழமை வெயில் ஏறியிருந்தது. ஹார்டுவேர் கடை வாசலில் காரக் கறி ஊற்றிய ஹாட்டாக் ரொட்டியை ஆளுக்கொன்று கையில் பிடித்துக்கொண்டு ஜனம் நின்றது. சாலையில் ஊர்ந்து போன கார்களின் உறுமலில் கடைக் கண்ணாடி அதிர்ந்தது. ஹூக்ஸ்ட்ரா வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். மூக்குக்கு அருகே குனிந்து பார்த்து, அருமை என்றார். பெயின்ட் யார் அடித்தது என்று கேட்டார். டூயி வெர்லனைக் காட்டினான்.

"பருத்தி கைவேலை, டாக்டர். பேச்சுதான் உதவாது. கை தங்கம்."

வெர்லன் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். முப்பது வருடத்தில் டூயி அவனைப் புகழ்ந்தது இதுதான் முதல் தடவை. பாவி, இன்றைக்கா வாயைத் திறக்க வேண்டும்.

டூயி டிக்கியைத் திறந்தான். சுத்தியலைப் பார்த்ததும் பழக்கப்பட்டவர்கள் நெருங்கி வந்தார்கள். டூயி முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக முன்பக்கம் வந்து, தொப்பியைப் பின்னால் திருப்பி வைத்தான். ஹூக்ஸ்ட்ராவுக்கு இந்த விஷயம் தெரியாது. என்ன செய்யப் போகிறார் என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டார்.

சுத்தியல் தோளுக்கு மேலே போனது. வெர்லன் மூக்கைப் பார்த்தான். வெயில் அந்தப் பச்சையின் ஆழத்துக்குள் இறங்கியிருந்தது, குளத்துக்குள் இறங்குவது போல. வெர்லன் மனதுக்குள் ஒரு நொடி எதுவுமே ஓடவில்லை, கணக்கும் இல்லை, ஆசையும் இல்லை.

"அடிக்காதே" என்றான்.

டூயி கையை நிறுத்தினான். "என்னடா?"

"அடிக்காதே, கரி. உதிர்ந்துடும். மருந்து ஊத்தல."

கூட்டத்தில் பாதிப் பேர் ஆலைக்காரர்கள். அவர்களுக்குப் புரிந்தது. யாரோ பின்னால் விசிலடித்தார்கள். டூயி சுத்தியலைக் கீழே இறக்கி, வெர்லன் முகத்தை நிதானமாகப் பார்த்தான்.

"மறந்துட்டியா?"

"இல்ல."

"டப்பா தீர்ந்துபோச்சா?"

"இல்ல."

டூயி தலையாட்டினான். ஒரு வயதுக்கு மேல் சில கேள்விகளுக்குப் பதிலை எதிராளி வாயால் சொல்ல வைக்கத் தேவையில்லை. வெர்லனுக்குக் காது மடல் சுட்டது. காரும் போனது, மானமும் போனது, இனி வீட்டுக்குப் போய் ஒடெஸாவிடமும் சொல்ல வேண்டும்.

ஹூக்ஸ்ட்ரா என்ன மருந்து என்று கேட்டார். பக்கத்தில் நின்றவர் விளக்கினார். மருத்துவர் முகம் சுளிக்கவில்லை. அங்கேதான் வெர்லனின் கணக்கு தப்பியிருந்தது. அதனாலென்ன, தன் ஊரில் ஒரு ஆள் இருக்கிறான், சுரண்டிவிட்டு மறுபடி அடித்துக்கொடுப்பான் என்றார். வண்டியை எப்படியும் முழுக்கப் பிரிக்கத்தான் போகிறாராம். பிரித்து, புதிது போலக் கோத்து, சூடு ஏறாத ஒரு அறைக்குள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வைக்கப் போகிறாராம்.

"ஓட்ட மாட்டீங்களா?" என்று டூயி கேட்டான்.

"ஓட்டினா மதிப்பு குறைஞ்சிடுமே" என்றார் மருத்துவர். நல்லவர். உள்ளதைச் சொன்னார்.

டூயி காரைப் பார்த்தான். கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தான். வெர்லன் பக்கம் திரும்பவேயில்லை. திருகு முடுக்கியே அகன்றுபோன அந்தத் தோள் ஒருமுறை உயர்ந்தது. சுத்தியல் இறங்கியது.

சத்தம் பெரிதாக இல்லை. பீங்கான் தட்டு கால்மிதியில் விழுந்தால் வருமே, அவ்வளவுதான். இடது விளக்கிலிருந்து நடு முனை வரை பச்சை வலை வலையாக விரிசல் விட்டு, ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்று, பிறகு பொலபொலவென்று தாருக்கு மேல் கொட்டியது.

கைதட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் கூட்டம் வாயில் ஹாட்டாக்கோடு நின்றது. ஹூக்ஸ்ட்ரா வெளிறிப்போய், தெரிந்துகொண்டே என் காரை அடித்துவிட்டீர்களே என்றார்.

"இன்னும் உங்க காரு ஆகல டாக்டர். சாயங்காலந்தான் ஆகும்" என்றான் டூயி. "அதுக்குள்ள இன்னொரு தடவை அடிச்சாலும் அடிப்பேன். எனக்கு இது பழக்கம்."

இப்படிப்பட்ட ஆளிடம் வண்டி வாங்கத் தனக்கு இஷ்டமில்லை என்று மருத்துவர் சொன்னார். கை கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். வெள்ளைச் சட்டை கூட்டத்துக்குள் மறையும் வரை டூயி மரியாதையாகத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். டூயி வாக்குத் தவறவில்லை. தவறியது அவர். கென்டக்கியில் இந்த வித்தியாசம் செல்லும்.

வெர்லன் மூக்கின் முன்னால் மண்டியிட்டான். உதிர்ந்த இடத்தில் கறுப்பு ரப்பர் தெரிந்தது. விரலால் தடவிப் பார்த்தான். சுத்தியல் விழுந்த இடத்தைத் தேடினான். பள்ளம் இல்லை, பிளவு இல்லை. முப்பது மிச்சிகன் குளிர்காலம், பனி உருகச் சாலையில் போடும் உப்புத் தண்ணீர், ஆலைக்காரர்களின் உதை, இந்தக் கிறுக்கன் வருடா வருடம் போட்ட அடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, வெளிப்பூச்சை மட்டும் உதறிவிட்டு மூக்கு மூக்காகவே இருந்தது. அதைச் செய்த ஆலையை இடித்தாகிவிட்டது.

"என்ன, முத்தம் குடுக்கப் போறியா?" என்றான் டூயி. "எழுந்திரு. ஜூலையில சொன்ன விலைதான். பெயின்ட்டுக் கூலின்னு ஒரு காசு கழிச்சே, கால ஒடைப்பேன்."

"உனக்கு ஒரு கால் இரும்பு. எந்தக் காலால ஒடைப்பே?"

"கை இருக்குடா. சுத்தியும் இருக்கு."

வெர்லன் எழுந்தான். நன்றி என்று சொல்ல வாயெடுத்தான். டூயி அதற்குள் சாவியை அவன் சட்டைப் பையில் போட்டுவிட்டு, இந்தத் தடவையாவது மருந்தை ஊற்று என்று முணுமுணுத்து, பக்கத்து இருக்கையில் முட்டியைத் தூக்கி வைத்து ஏறிக்கொண்டான். ஓட்டுநர் பக்கம் காலியாக இருந்தது.

வெர்லன் உட்கார்ந்தான். கிளட்சு இன்னும் அதே முரட்டுத்தனத்தோடு காலை எதிர்த்தது. சாவியைத் திருப்பினான். நானூறு கன அங்குலமும் ஒன்றாக விழித்துக்கொள்ள, நொறுங்கிய மூக்கோடு ஆடு உட்வர்ட் சாலையில் இறங்கியது. கூட்டம் இப்போதுதான் கைதட்டியது.

முதல் விளக்கு சிவப்பு. பக்கத்தில் வேறு கம்பெனி வண்டி ஒன்று வந்து நின்றது. டூயி அதை ஒரு பார்வை பார்த்தான், பிறகு வெர்லனை.

"என்ன பாக்கிறே?" என்றான் வெர்லன். "பெல்ட்டைப் போடு."