காத்திருந்த தேநீர்

இவ்வளவு கசக்க வேண்டுமென்றால் இது வெகுநேரம் ஊறியிருக்க வேண்டும்.

முதல் வாயிலேயே சோல்வய்க்கு அப்படித் தோன்றியது. முகத்தில் காட்டாமல் விழுங்கினாள். எதிரே பழைய இரும்புக் கிடங்கின் முதலாளி கெல் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி கெர்தா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அவர்களுக்குக் காப்பி. அவளுக்கு மட்டும் கம்பளி உறை போட்ட கெண்டியில் தேநீர். இந்த ஊரில் தேநீர் குடிப்பவர்கள் காய்ச்சல்காரர்கள், இல்லையென்றால் சோல்வய்.

"பாலத்தைத் தூக்கிட்டானுங்களா? அதான் நீ வர லேட்டா..." என்று தொடங்கிய கெர்தா, கணவனைப் பார்த்துவிட்டு ரொட்டித் தட்டை நகர்த்தினாள்.

பாலம் தூக்கித்தான் இருந்தது. ஒரு பாய்மரப் படகு கடக்கும்வரை காரிலேயே உட்கார்ந்திருந்தாள். ஆனால் அவள் வரப்போவது இவர்களுக்கு எப்படித் தெரியும்? நகராட்சியின் சுற்றுச்சூழல் அலுவலகத்திலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்க்கும் சோதனை இது. காரை நிறுத்திவிட்டு நேராக உள்ளே வந்தாள். அதற்குள் ஒரு கெண்டித் தேநீர் கறுத்துப்போகுமா? வருகிறவள் சோதனைக்காரியே ஆனாலும் வெறும் மேசைமுன் உட்காரவைக்க கெர்தாவுக்கு மனம் வராது. அந்த நல்ல குணம்தான் அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"என்ன, விஷம் கிஷம் வச்சிருக்கோம்னு பாக்குறியா?" என்றான் கெல். "அதையும் ஒரு பாட்டில்ல புடிச்சு ஆய்வகத்துக்கு அனுப்பிரு, போ."

கெர்தா சிரித்தாள். சோல்வயும் சிரித்தாள். பழக்கம்.

வெளியே எல்லாம் ஒழுங்காக இருந்தது, எப்போதும்போல. நசுக்குவதற்கு வரிசையில் நின்ற கார்களில் எண்ணெயை வடித்திருந்தார்கள். பேட்டரிகளைக் கழற்றி மூடிய பெட்டிகளில் அடுக்கியிருந்தார்கள். அரவை எந்திரம் இரும்பைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் குப்பை, அதாவது இருக்கைப் பஞ்சும் ரப்பரும் வயர் உறையும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்த சாம்பல் நிறத் தூள், காற்றில் பறக்காதபடி ஈரமாகத் தார்ப்பாய்க்குக் கீழே இருந்தது. நச்சுக் கழிவை அப்படித்தான் வைத்திருக்க வேண்டும். ஆனால் தார்ப்பாயில் மடிப்புக் கோடுகள் இன்னும் கலையவில்லை. காலையில்தான் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கோடுகளை முன்பும் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும், புதிதாக வாங்கியிருக்கிறார்கள், பரவாயில்லையே என்று உள்ளூர மகிழ்ந்திருக்கிறாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் மெரேதயின் வீடு. ஜன்னல் விளிம்பெல்லாம் சாம்பல் நிறத் தூள் படிகிறது என்று போன இலையுதிர்காலத்தில் அலுவலகத்துக்கு வந்து அழாக்குறையாகச் சொன்னாள். சோல்வய்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நானே சொல்லாம போய்ப் பாத்துட்டேன், சுத்தமா இருக்கு. உன் கோழி முட்டையைத் தைரியமா புள்ளைங்களுக்குக் குடு" என்றாள். மெரேதயும் நம்பிப் போனாள். இப்போது வேலி இடுக்கில் அந்தக் கோழிகள் மண்ணைக் கிளறிக் கொத்திக்கொண்டிருந்தன. அடுத்த வாரம் கிடங்கின் உரிமத்தைப் புதுப்பிக்கப் போகிறார்கள். சுத்தமாக இருக்கிறது என்று இன்னொரு முறை அவள் சொன்னால் போதும்.

திரும்பும் வழியில் ஒரே கேள்விதான். யார்? எந்த நாள் போவது என்பதை அவள் அலுவலகத்தில்கூடச் சொல்வதில்லை. வீட்டில் வேலைப் பேச்சே கிடையாது. வாயைத் திறக்காமல் இருப்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஆனால் முந்தின நாளே இரும்பு முனை வைத்த பூட்ஸைத் துடைத்து வாசலருகே வைத்துவிடுவாள். அந்த பூட்ஸ் தேவைப்படும் இடம் இந்த ஊரில் ஒன்றுதான். நேற்று அவள் கணவன் விக்கோ அதைத் தாண்டிப் போனான். தாண்டும்போது ஒரு கணம் நின்றான்.

விக்கோ கார் கொட்டகையில் இருந்தான். கீழே ஊசியிலைக் கிளைகள் குவிந்து கிடந்தன. நாளை கெல்லுக்கும் கெர்தாவுக்கும் வெள்ளிவிழா மணநாள். பொழுது விடியுமுன் அண்டை அயலார் போய் அவர்கள் வாசலில் பசுந்தழை வளைவை நிறுத்தி, பாடி எழுப்புவார்கள். வளைவின் மரச்சட்டத்தில் தழையைக் கட்டி முடித்திருந்தான். சின்னச் சின்ன டேனிஷ் கொடிகள்கூடச் செருகியாகிவிட்டது.

"நீயா சொன்னே?" என்றாள்.

எதை என்று அவன் கேட்கவில்லை. அதுதான் முதலில் வலித்தது.

"ஒரு போன்தானே, சோல்வய். அவனும் நானும் ஒரே பெஞ்சு. திடுதிப்புன்னு நீ போய் நின்னா அவன் என்ன பண்ணுவான்?"

"ஒவ்வொரு தடவையுமா?"

"உனக்கும் நல்லதுதானே? சோல்வய் வந்தப்புறம்தான் கிடங்கு திருந்துச்சுன்னு ஊரே சொல்லுது."

ஊர் சொன்னதை அவள் நம்பியிருந்தாள். சோதனை முடிந்த சாயங்காலங்களில் காரணம் சொல்லாமல் அவள் சந்தோஷமாக இருப்பாள். இவன் அவள் கோப்பையில் ஒயின் ஊற்றிக்கொண்டு அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். குழந்தையிடம் வேண்டுமென்றே தோற்றுவிட்டுக் கைதட்டுகிற பெரியவர்களைப்போல. தொலைபேசியில் பேசியதைக்கூட என்றாவது மன்னிக்க முடியுமோ என்னவோ. அந்தக் கைதட்டலை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இன்னிக்குப் பாத்ததை அப்படியே சொல்லு, போதும்" என்றான் விக்கோ. குரல் கனிவாகத்தான் இருந்தது. "பொய் சொல்லச் சொல்லலையே. சுத்தமாத்தானே இருந்துச்சு? நீ வேற மாதிரி சொன்னா, போன் பண்ணது யாருன்னு கேப்பாங்க. நம்ம ரெண்டு பேருக்கும்தான் அசிங்கம். விடு, நாளைக்கு அவங்களுக்கு நல்ல நாள். இந்தா, அந்தப் பக்கம் வந்து புடி, தூக்கி நிறுத்தணும்."

வளைவின் ஒரு காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன் காத்திருந்தான்.

"மாட்டேன், விக்கோ."

"அட, ஒரு நிமிஷம் புடி. கனக்குது."

"ரெண்டையும்தான் சொல்றேன்."

உரக்கச் சொல்லவில்லை. கோட்டுப் பையிலிருந்து கைகளையும் எடுக்கவில்லை. அவன் தனியாகவே நிமிர்த்தப் பார்த்தான். வளைவு பாதிவரை எழுந்து, அவள் நின்ற பக்கமாக மெல்லச் சாயத் தொடங்கியது. கொடிகள் ஒவ்வொன்றாக நழுவி அவள் காலடியில் விழுந்தன. அவள் ஓரடி மட்டும் பின்னால் நகர்ந்து அதற்கு வழிவிட்டாள்.