தர்மம் நடக்கிற ஆஸ்பத்திரி

குண்டு வெடித்தபோது பன்னீர்செல்வம் கல்லாவுக்குப் பின்னால் குனிந்து உளுத்தம்பருப்பு அள்ளிக்கொண்டிருந்தான். பிற்பாடு இதை வீரமாகச் சொல்ல எவ்வளவோ முயன்றும், குனிந்திருந்ததால் பிழைத்தான் என்பதற்குமேல் அந்தக் கதையில் அவனுக்குப் பங்கு எதுவும் அமையவில்லை. நிமிர்ந்தபோது லேக் மார்க்கெட் தெருவில் ஒற்றைச் செருப்பு ஒன்று கிடந்தது. அதில் விரல்கள் மட்டும் இருந்தன. கட்சிச் சண்டை போட்ட பையன்களை வாசலில் நின்று விரட்டிக்கொண்டிருந்த முதலாளி பரமசிவம் அண்ணாச்சி, மிளகாய் மூட்டைமேல் மல்லாந்து கிடந்தார். தொடையில் ஆணியும் சீசாச் சில்லும் பதிந்து, ரத்தம் துணி பிழிந்த மாதிரி கொட்டியது.

அண்ணாச்சிக்குத் தர்மாஸ்பத்திரி என்றாலே ஆகாது. "ஓசியில வைத்தியம் பாத்தா ஓசி உசுருதாம்ல மிஞ்சும்" என்பார். "நான் பொறந்ததே தர்மாஸ்பத்திரியிலதான் அண்ணாச்சி" என்று பன்னீர் ஒருமுறை சொல்லிப்பார்த்தான். "அதான் ஒன் லெச்சணத்துலயே தெரியுதே."

அதனால் பன்னீர் அவரை ஏற்றிய ரிக்‌ஷா முதலில் தனியார் நர்சிங் ஹோமுக்குத்தான் போனது. கம்பிக் கதவுக்குப் பின்னால் இருந்தவன் தொடையைப் பார்த்தான். குண்டடி என்றால் போலீஸ் கேஸ், எடுக்கமாட்டோம் என்றான். அண்ணாச்சி மடியிலிருந்து சுருட்டி நீட்டியதை அவன் திரும்பத் தள்ளினான். அண்ணாச்சியின் காசை ஒருவன் வேண்டாமென்று சொல்லிப் பன்னீர் அதுவரை பார்த்ததில்லை. அண்ணாச்சியும் பார்த்ததில்லை போலிருந்தது.

பன்னீர் எதிர் டீக்கடை வங்காளியிடம் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டான். "ஓகானே தர்மகட் சோல்சே, தாதா" என்றார் அவர். ஊருக்கு வந்து மூன்று மாதமே ஆன பன்னீருக்கு 'சோல்சே' என்றால் நடக்கிறது என்று தெரியும். தர்மம் நம்முடைய சொல்தானே. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏலே... அது வந்து..." என்றார் அண்ணாச்சி.

"பேசாதீங்க அண்ணாச்சி, ரத்தம் போவுது. இன்னைக்கு ஒருநா ஓசிய ஏத்துக்கிடுங்க."

ஆஸ்பத்திரி கேட் பூட்டிக் கிடந்தது. முன்னால் சிவப்புக் கொடிகளோடு ஒரு கூட்டம். தர்மத்துக்கு இவ்வளவு ஆளா என்று நெகிழ்ந்துபோன பன்னீர், "தர்மகட் ஜிந்தாபாத்" என்று கத்தினான். அவர்கள் ஆரவாரம் செய்து அவன் கையிலும் ஒரு கொடியைத் திணித்தார்கள். கூட்டத்திலிருந்த வார்டு ஆயா ஒருத்தி, அவன் தமிழில் புலம்புவதைக் கேட்டுக் கிட்டே வந்தாள். பெயர் ராமாயி, காரக்பூர் ரயில்வே காலனிக்காரி.

"தர்மகட்டுன்னா ஸ்டிரைக்குய்யா, கூறுகெட்ட மனுசா."

"அப்ப வைத்தியம்?"

"உள்ள பஞ்சு இல்ல, தையல் நூலு இல்ல. வெறுங்கையால பொழைக்க வைக்கச் சொல்லுது சர்க்காரு. ஓசியா பாக்கணும்னாலும் எவனாச்சும் குடுத்தாத்தான பாக்க முடியும்?"

அதற்குள் போலீஸ் வேன்கள் வந்துவிட்டன. கொடியோடு முன்னால் நின்ற ஆள் என்ற முறையில் முதல் லத்தி பன்னீருக்கே கிடைத்தது. தோளெலும்பு முறிகிற சத்தம் அவனுக்கே கேட்டது. இரண்டாவது அடி வாயில் விழுந்தது. பக்கத்தில் ஒருவன் தலை பிளந்து உட்கார்ந்தான், உட்கார்ந்தவனையும் மிதித்தார்கள். ராமாயி பக்கவாட்டுச் சின்னக் கதவை உதைத்துத் திறந்து, ரிக்‌ஷாவில் கிடந்த அண்ணாச்சியின் அக்குளில் கை கொடுத்துக் கல்லிலும் மண்ணிலும் இழுத்துப் போனாள். அவள் முதுகிலும் அடி விழுந்தது. அவள் கையை விடவில்லை.

உள்ளே வராந்தாவில் கட்டுப்போடத் துணி தேடினாள். ஒன்றுமில்லை. பின்னாலேயே தவழ்ந்து வந்த பன்னீர் இன்னும் பிடித்திருந்த கொடியைப் பிடுங்கி, பல்லால் கிழித்துத் தொடையில் இறுக்கிக் கட்டினாள்.

"இந்தம்மாவுக்கு ஏதாச்சும் குடுல" என்றார் அண்ணாச்சி, கண்ணைத் திறக்காமல்.

"நீயே வச்சுக்க. பொழைச்சா, நாளைக்கு எங்களோட கேட்டுல வந்து கத்து." டாக்டர் யாராவது ஒளிந்திருக்கிறாரா என்று பார்க்க ஓடினாள். "ரத்தம் நிக்குதான்னு பாத்துக்கிட்டே இரு. நிக்கலன்னா கூப்புடு."

பன்னீர் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தான். துணி சிவப்பு. தொட்டுப் பார்த்தான், ஈரம். அவனுடைய உடைந்த வாயிலிருந்தும் அதன்மேல்தான் சொட்டிக்கொண்டிருந்தது.