இடஞ்சுழிக் கொடி

வலக்கை மணிக்கட்டில் தொடங்கிய குத்தல் முழங்கையைக் கடந்து தோளில் ஏறித் தங்க, ஓட்டுக் கூரைகளின்மேல் முற்பகல் வெயில் காய, ஆற்றுத்துறையில் சுமையேற்றுவோர் கூச்சலும் தெருவில் வண்டிகளின் கடகடப்பும் ஓயாது எழுந்த அவ்வேளையில், அச்சுக்கூடத்துச் சாளரத்தருகே மரச்செதுக்குகாரி நிலைகொள்ளாமல் நடந்தாள். நாற்பது திங்கள் அவள் வெட்டிய மூலிகைப் படங்களைத் தாங்கிய முந்நூறு நூற்படிகள் விடியலில் துறைக்குப் போயிருந்தன. வேலை முடிந்தும் கை உளியைத் தேடித் துடித்தது.

கிழங்கு தோண்டி விற்கும் கொழுந்தன், காட்டுமண் உதிரும் காலோடு உள்ளே வந்து, சுவரில் ஒட்டியிருந்த அச்சுத்தாளை உற்றுப் பார்த்தான்.

“அண்ணி, இது ஆளக் கொல்ற கொடியாச்சே?”

“வாயக் கழுவு. காய்ச்சலுக்கு மருந்து. கீழ எழுதியிருக்குல்ல.”

“எனக்குத்தான் எழுத்துத் தெரியாதே. அந்தக் கொடிக்கும் தெரியாது. மருந்து இடப்பக்கமாச் சுத்தும். வெஷந்தான் வலப்பக்கம். இலை, பூவெல்லாம் ஒண்ணுதான்.”

மரத்தில் வெட்டிய உரு தாளில் இடவலம் மாறிப் பதியுமாதலின், பார்க்கும் படத்தை மாற்றி வெட்டுவதே அத்தொழிலின் முறை. அவளும் தன் தந்தை காலத்து நூலைப் பார்த்து, அவ்வாறே மாற்றி வெட்டி, மயிரிழை பிசகாமல் அதே படத்தைக் கொணர்ந்திருந்தாள். இப்போது பரணேறி, அதற்கும் முந்திய, கையால் வரைந்த முதல் நூலை விரித்தாள். அங்கே கொடி இடப்புறமாகவே சுற்றியது! இடையில், தந்தை காலத்து நூலுக்கு வெட்டியவன் மாற்ற மறந்திருக்கிறான். அவன் மறதியை இவள் கவனம் காத்து வைத்திருக்கிறது. சோம்பலால் இவளும் மறந்திருந்தால் படம் தானே நேராகியிருக்கும்.

பழைய நூலை வைத்திருந்தோர் கொழுந்தன் போன்றோரிடமே வேர் வாங்கியதால் தப்பினர். புதியதோ, தோண்டுவோர் இல்லாத தொலைவூர் வீடுகளுக்கு, படம் பார்த்துப் பறிக்கவென்றே செல்வது.

உள்ளறையில் இருந்த, நூலைத் தொகுத்த மருத்துவரிடம் இரு நூல்களையும் விரித்துக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். “ரெண்டு தலைமுறைப் புத்தகம் பொய்யாம்மா?”

“மொதல் புத்தகம் மெய்தாங்க. வெட்டுன கைதான் பொய். என் கையுந்தான்.”

சொல்லி முடிக்குமுன் தெருவில் இறங்கி ஓடினாள். இருநூறு நூற்படிகள் கரையில் கிடந்தன; நூறு படிகளை ஏற்றிய கலமோ, கூவிய குரல் எட்டாத தொலைவில், பாய் புடைக்கச் சிறுத்துக்கொண்டிருந்தது.

கற்றறிந்தீர், நூலைப் பார்த்தே நூல் பிறக்குமாயின், தவறுக்கும் மகவும் பெயரனும் உண்டாவர். அன்றே அவள் புதுப்பலகையில் கொடியைத் திருத்தினாள். திருத்திய படத்தைக் கலம் கலமாக அனுப்பியும் வருகிறாள். எவ்வூரிலிருந்தும் மறுமொழி இல்லை. அந்த நூறு வீடுகளுக்கு ஒரு நேரான கொடி இன்னும் அவள் கடன்.